ஊறப்போட்ட கிழங்கைப் பச்சைக் கிழங்கென்று அனுப்பினேன்

மலர் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

முதலில் நம் பிள்ளைகளின் சேதி. உன் அண்ணன் மகன் கார்த்தி நாமக்கல் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் போய்விட்டான். மோட்டாரைக் கழற்றிப் பூட்டும் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் அவன்தானாம், வாத்தியாரே உன் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவன் தங்கச்சி பிரியா பள்ளிக்கூட ஓட்டத்தில் இரண்டு கோப்பை வாங்கிவிட்டாள். ஒரு கோப்பையில் நான் உப்பைக் கொட்டி வைத்துவிட்டேன் என்று இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. உன் மாமன் மகன் சின்னராசு சொந்த லாரி எடுத்துவிட்டான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது வளைவும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உன் மகள் நிவேதாவுக்கு ஒன்றரை வயசுதான், அதற்குள் தமிழில் நாலு வார்த்தை, கன்னடத்தில் ஆறு வார்த்தை பேசுகிறாள் என்று நீ சொன்னதை நான் இந்த ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். எல்லாருக்கும் மேலே நீ. திண்ணனூர் நாட்டில் டாக்டர் பட்டம் வாங்கின பொம்பளைப் பிள்ளை உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? "உங்க மக ஊசி போடுமாங்க?" என்று கேட்கிறவர்களிடம், "அவ மனுசனுக்கு டாக்டர் இல்லீங்க, கீரைக்கும் கிழங்குக்கும் டாக்டர்" என்று சொல்வேன். அவர்கள் முழிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படி ஒவ்வொருத்தராக எழுதிக்கொண்டே சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடப் பார்த்தேன். இனித் தள்ள முடியாது கண்ணு. உறையின் மேல் கொட்டை எழுத்தில் "கிழங்கு மூட்டையை அவிழ்க்காதே, ஒரு துண்டு கூட வேகவைக்காதே" என்று எழுதியிருக்கிறேன். இதைக் கொண்டுவரும் சின்னராசுவிடமும் அதையே வாயால் சொல்லி, எட்டுக்கை அம்மன் பேரில் சத்தியம் வாங்கித்தான் அனுப்புகிறேன். அதனால் அதை நீ படித்த பிறகுதான் இதைப் பிரித்திருப்பாய் என்று நம்பி, எதற்காக அவிழ்க்கக் கூடாது என்பதை இனிமேல் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். தவறிப்போய்ப் பக்கத்தைத் தாண்டிவிடாதே.

போன ஐப்பசியில் உன் பெங்களூர் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து எனக்கு ஒரு பாரம், எழுதி நிரப்புகிற காகிதம், அனுப்பினாய். நம் மலையில் நாங்கள் தின்கிற கிழங்கும் கீரையும் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு கை அனுப்பு, தோலோடு, பச்சையாக, ஒன்றும் செய்யாமல் காகிதத்தில் சுற்றி அனுப்பு, கொடியையும் இலையையும் தனியாகப் பேப்பருக்குள் அழுத்தி அனுப்பு என்று எழுதியிருந்தாய். 'ஒன்றும் செய்யாமல்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் இருந்தது. எங்கே தோண்டியது, யார் தோண்டியது, தோண்டிய பிறகு என்ன செய்தீர்கள் என்று கேள்வி. கீரை எல்லாம் சரியாகத்தான் அனுப்பினேன். வள்ளிக்கிழங்கும் மண்ணோடு அப்படியே அனுப்பினேன். கசப்பு வள்ளியில்தான் தப்புச் செய்தேன்.

அதை நான் பச்சையாக அனுப்பவில்லை மலர். தோலைச் சீவி, காசு கனத்துக்கு நறுக்கி, சாம்பல் பிசறி, மூங்கில் கூடையில் கட்டி மூன்று நாள் ஓடைத் தண்ணீரில் போட்டேன். பிறகு இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டினேன். அதற்கப்புறம்தான் வெயிலில் காயவைத்து, வெள்ளைவெளேரென்று மல்லிகைப்பூ மாதிரி ஆனதை உனக்கு டப்பாவில் போட்டு அனுப்பினேன். உன் கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "நறுக்கிக் காயவைத்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை." என் கையெழுத்தேதான், எடுத்துப் பார்.

எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒரு வழக்கம் இங்கே உண்டு. தெரியாமல் போனதும் என்னால்தான். கசப்பு வள்ளியை எவள் தோண்டினாளோ அவள்தான் ஊறப்போட வேண்டும், அவள்தான் எடுக்கவும் வேண்டும். ஏனென்றால் எந்தக் கிழமை தண்ணீரில் இறங்கியது என்பது தோண்டினவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். பச்சையாக அதை இன்னொருத்தர் கையில் கொடுப்பது இல்லை. சம்பந்தி வீட்டுக்கும் இல்லை, கூடப்பிறந்தவளுக்கும் இல்லை. ஊறி வெந்து காய்ந்த பிறகுதான் அது நம் வாசலைத் தாண்டும். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறேன். நீ பச்சையாகக் கேட்டபோது என் கைக்கு அது வரவே இல்லை. விஷத்தைப் பொட்டலம் கட்டி மகளுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. அது ஒரு பங்குதான். இன்னொரு பங்கையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் படித்தவர்கள் சுற்றி நின்று டப்பாவைத் திறக்கும்போது, கறுத்துப்போய் மண்ணும் வேருமாக ஒன்று கிடந்தால், 'மலரோட அம்மா அனுப்பினது இதுதானா' என்று மூக்கைப் பொத்துவார்களே என்று நினைத்தேன். உனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று வெளுக்க வைத்தேன். வெளுக்க வைத்ததை எழுதினால், கோடு போட்டுச் சொன்னதுகூடப் புரியாத மலைக்காரி என்று நினைப்பாய் என்று மறைத்தேன். அவ்வளவுதான் சங்கதி. ஒரு சின்னப் பொய் காகிதக் கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம் பொங்கலுக்கு நீ வந்தாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து உன் ஆபீஸ் மெஷின் வரைந்து கொடுத்த நீளக் காகிதங்களை விரித்தாய். நம் மலை மாதிரியே ஏறி இறங்கி ஒரு கோடு. "பாரும்மா, இது நம்ம மிளகு. இந்த உசந்த கூர்தான் அதோட காரம். இது பலாச்சுளை. இந்தச் சின்னச் சின்னக் கூரெல்லாம் சேந்துதான் உனக்கு அந்த வாசம் அடிக்குது. மெஷின் ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காட்டிரும்" என்றாய். உன் மாமன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "ஏன் சாமி, கொல்லிமலையையே கோடு போட்டு வெச்சிருக்கறயே, இதுல எங்க ஊடு எங்க இருக்குது?" என்று கேட்டான். நீ அவன் தலையில் தட்டினாய். எல்லாரும் சிரித்தோம்.

அப்புறம் கடைசிக் காகிதத்தை எடுத்தாய். "இதுதான் அதிசயம். இது கசப்பு வள்ளி. கசப்பு இருந்தா இந்த எடத்துல பெரிய கூர் எழும்பியிருக்கணும். பாரு, தரையாக் கெடக்குது" என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் கோடு சமமாக, அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கத்து வயல்காடு மாதிரி நீட்டிப் படுத்திருந்தது. உனக்கு அது அதிசயம். எனக்கு அது என் ஓடைத் தண்ணீர். மூன்று நாள் தண்ணீர் அடித்துக்கொண்டு போன கசப்பை உன் மெஷின் எங்கே போய்த் தேடும்?

உன் மாமன் அப்போதே கேட்டான். "மலரு, அப்ப நான் அஞ்சு வயசுல சாகக் கெடந்தது எதனாலயாம்?" என்றான். நீ, "வேற ஏதாச்சும் காட்டுக் காயைத் தின்னிருப்பீங்க மாமா. அன்னைக்கு யாரு டெஸ்ட் பண்ணுனா?" என்றாய். "ஊறப்போடாம எப்பிடி சாமி தின்றது?" என்று அவன் மறுபடி கேட்டான். "ஊறப்போட்டு ஊறப்போட்டுத்தான் சத்தையெல்லாம் ஓடைக்குக் குடுத்துட்டீங்க. அதான் நம்ம சனம் எலும்பும் தோலுமா இருந்துச்சு. இனிமே மத்த கிழங்கு மாதிரி ஒரு தடவை வேகவெச்சாப் போதும்" என்றாய். அதையே சின்ன புத்தகமாக அச்சடித்து மலையிலும் அடிவாரத்திலும் பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் கொடுக்கப்போகிறோம் என்றாய். முதல் பக்கத்தில், கிழங்கு கொடுத்து உதவியவர் என்று என் பேர் வரும் என்றாய்.

அங்கேதான் என் ஆசை முந்திக்கொண்டது. என் பேரை நான் எங்கே அச்சில் பார்த்திருக்கிறேன்? ரேஷன் கார்டில் தப்பாக விழுந்திருக்கிறது, வோட்டர் லிஸ்ட்டில் வயசு மாறி விழுந்திருக்கிறது. மகள் எழுதும் புத்தகத்தில் என் பேர் வரப்போகிறது என்றதும், உன் அண்ணன் பெண்டாட்டி என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் பேசாமல் இருந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். என் தம்பியைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

அவன் எதைத் தின்றான் என்பது எனக்குத் தெரியும் மலர். நான்தான் அதை அவனுக்கு ஊட்டினேன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம். சாமையும் விளையவில்லை, மழையும் இல்லை. உன் அம்மாயி, என்னைப் பெற்றவள், கசப்பு வள்ளி தோண்டிக் கூடையில் போட்டு ஓடையில் இறக்கிவிட்டு, பக்கத்து ஊருக்குக் களை வெட்டப் போனாள். "நாளன்னைக்கு நான் வந்துதான் எடுப்பேன், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெரிய அதிகாரி வந்து பாடம் கேட்கப்போகிறார் என்றார்கள். நான்தான் நன்றாக வாசிப்பேன், என்னைத்தான் எழுப்பி நிறுத்துவார்கள். தம்பி பசி என்று அழுதுகொண்டே காலைக் கட்டிக்கொண்டான். அவனை அமர்த்திவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக முடியும். ஒரு நாள்தானே குறைகிறது என்று கூடையைத் தூக்கிவிட்டேன். வேகவைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாகக் கசந்தது. பரண் மேலிருந்த வெல்லத்தை உடைத்துப் போட்டுப் பிசைந்தேன். கசப்பு தெரியவில்லை. அவன் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதிகாரி வந்தார், நான் வாசித்தேன், "சபாஷ்" என்றார். வீட்டுக்கு வந்தால் தம்பி அடுப்படியில் குப்புறக் கிடந்தான். வாயெல்லாம் நுரை. தொண்டையைப் பிராண்டிக்கொண்டான். தூக்கி நிறுத்தினால் கால் தரையில் பாவவில்லை, கண் மேலே மேலே சொருகியது. மலையிலே ஏது அப்போது டாக்டர்? தோளில் போட்டுக்கொண்டு உன் அப்புச்சி, என் அப்பா, காட்டுப் பாதையில் கீழே இறங்கினார். அவன் முழுசாகக் கண் திறந்து என்னை "அக்கா" என்று கூப்பிட மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, நானே போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேனே, அதுவும் பொய். அவன் இன்றைக்கும் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "என்னைக் கொல்லப் பார்த்த மகராசி வந்துட்டா, வழி விடுங்க" என்று சத்தம் போடுவான். நீ அதை அவன் கேலிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாய். அன்றைக்குத் தண்ணீரில் ஒரு நாள் குறைத்தேன். உனக்கு மூன்று நாள் போட்டதை மறைத்தேன். குறைத்ததற்குத் தம்பி கிடந்தான். மறைத்ததற்கு யார் கிடக்கப்போகிறார்களோ.

உன்னை அடுப்படிக்குள் விடாமல் வளர்த்தது நான். ஆறாம் வகுப்புக்கே ராசிபுரம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். லீவுக்கு நீ வந்தால், அந்த வாரம் முழுக்க அரிசிச் சோறுதான் ஆக்குவேன். நாங்கள் கிழங்கு தின்பது உனக்குத் தெரியக் கூடாது என்று கூடையைக்கூட எடுத்து மறைத்து வைப்பேன். ஒருதரம் நீ ஓடைக்கு வருகிறேன் என்று பின்னாலேயே வந்தாய். "பேனா புடிக்கற கை இது, சேத்துல வெக்காத" என்று துரத்திவிட்டேன். அன்றைக்கு உன்னைக் கூட்டிப்போய், அந்தத் தண்ணீர் எப்படி முதல் நாள் பால் மாதிரி வெளுத்து, மூன்றாம் நாள் தெளிகிறது என்று காட்டியிருந்தால், உன் மாமன் கேட்ட கேள்விக்கு நீ சிரித்திருக்க மாட்டாய். கையால் செய்யாததை மூடப் பழக்கம் என்று நினைப்பது சுலபம். அந்தச் சுலபத்தை உனக்குக் கொடுத்தது நான்தான்.

பொங்கல் போனது, தையும் போனது. நீ மறுபடி ஒருதரம் சோதிப்பாய், அப்போது தானாகத் தெரிந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நேற்றுக் காலையில் சின்னராசு கைநிறைய அன்னாசியோடு வந்தான். பேச்சுவாக்கில், "அத்தை, மலரு கேட்ட கசப்பு வள்ளி ஒரு மூட்டை தோண்டி, திங்கக்கிழமையே கூட்டாளி லாரியில ஏத்தி உட்டுட்டனுங்க" என்றான். "எவன்டா ஊறப்போட்டது?" என்றேன். "எதுக்கு ஊறப்போடறது? மலரு பச்சையாத்தானுங்க கேட்டுச்சு. டெஸ்ட் பண்ணியாச்சு, ஊற வேண்டாம்னு அதுதானுங்க சொல்லுச்சு" என்றான். "தோண்டினவன் நீ, ஊறப்போட வேண்டியவன் நீ" என்று கத்தினேன். "நான் கட்டிக்க வேண்டியவளைப் படிக்க வெச்சு பெங்களூருக்கு அனுப்புனீங்க. இப்ப அது படிச்சுச் சொன்னதைக் கேட்டா திட்டறீங்க" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் லாரியிலேயே செம்மேட்டுக்குப் போய் போன் பூத்தில் உன்னைக் கூப்பிட்டேன். மூட்டை வந்துவிட்டது என்றாய். வருகிற திங்கட்கிழமை உன் ஆபீசில் பத்துப் பேரை உட்காரவைத்து ருசி பார்த்து மார்க் போடச் சொல்லப்போகிறோம் என்றாய். "அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நானே ஊட்டுல செஞ்சு பாக்கறேம்மா. வெல்லமும் தேங்காப்பாலும் ஊத்திப் பாயசம். நிவேதாதான் மொதல்ல ருசி பாக்கப் போறா" என்றாய். வெல்லம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தம்பிக்குப் பிசைந்து கொடுத்த வெல்லம்தான் என் கண்ணில் நின்றது. "வேண்டாம் கண்ணு, அதை அவுக்காத" என்று மட்டும் சொன்னேன். "ஏம்மா?" என்றாய். எனக்குப் பின்னால் நம் ஊர்ப் பெண்கள் நாலு பேர், உன் புத்தகம் பத்து வேண்டும் என்று சொல்லிவைத்த பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் நின்றார்கள். பூத்துக்காரன் வேறு, "ஏனுங்கம்மா, சத்தமாப் பேசுங்க, அங்க கேக்காது" என்றான். சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமா அது? "கடுதாசி எழுதறேன்" என்றேன். நீ சிரித்தாய். "சரிம்மா, உன் கடுதாசி வர்ற வரைக்கும் மூட்டையை அவுக்கல, போதுமா?" என்றாய். வாக்குக் கொடுத்தாய்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. பொங்கலன்று மாமனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அதை நம்பி நான் எப்படி இருப்பேன்?

அந்தப் பூத்தில் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பேத்தி உயிரைவிட என் மானம் பெரிசாகப் போய்விட்டது, ஒரு நிமிஷம். இந்த வயசிலும் அப்படி ஒரு நிமிஷம் வருகிறது பார். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா என்பதற்காக யாரையும் நம்பாதே. உன் கட்டத்தில் நான் எழுதினதை வேறு எவளாவது எழுதியிருந்தால் நீ இரண்டு தரம் கேட்டிருப்பாய். அம்மா எழுதினாள் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இனிமேல் எங்கள் மாதிரி கிழவிகளிடம் கேட்கும்போது, "என்ன செஞ்சீங்க" என்று காகிதத்தில் கேட்காதே. பக்கத்தில் வந்து உட்கார். கூடவே தோண்டப் போ. ஓடைக்கும் கூடப் போ. நாங்கள் செய்வதில் பாதி, செய்கிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் செய்வது. மீதிப் பாதியைப் படித்தவர்களைப் பார்த்ததும் ஒளித்துக்கொள்வோம். வெட்கப்படாமல் சொல்லும்படி நீதான் செய்ய வேண்டும்.

ஆபீசில் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. மறைக்க வேண்டாம். உன் பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்றால் நீயே அவர் பாஷையில் சொல். மகளின் வேலைக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் நீ படித்ததை ஒரு டப்பாவில் அடைத்து நான் கெடுத்துவிட்டேனோ என்றும் நினைக்கிறேன். உன்னைத் திட்டுவார்களா, வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் அச்சாகிவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மலைமேல் இருக்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், எப்போதும் போலக் கூடையை ஓடையில் இறக்குவார்கள். கீழே காரவள்ளியிலும் முள்ளுக்குறிச்சியிலும் இருக்கிறவர்களுக்கு இந்தக் கிழங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. டாக்டரம்மா எழுதியிருக்கிறார், சத்து நிறைய இருக்கிறதாம் என்று சந்தையில் வாங்கிப்போய், ஒரு கொதி விட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவார்கள். கசக்கிறது என்றால் வெல்லம் போடுவார்கள். பெரியவர்கள் துப்பிவிடுவார்கள். குழந்தைக்குக் கசப்பைச் சொல்லத் தெரியாது, இனித்தால் விழுங்கும். என் தம்பிக்கு ஐந்து வயசு, திடமான உடம்பு, அரைகுறையாகவாவது ஊறின கிழங்கு. உன் மூட்டையில் இருப்பது தண்ணீரையே பார்க்காத கிழங்கு. நிவேதாவுக்கு ஒன்றரை வயசு.

அச்சுக்குக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. அச்சாகிவிட்டது என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுக்கச் சொல், நான் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழிக்கிறேன். புத்தகத்தில் என் பேரைப் போடுவதானால், இந்தத் தப்போடு சேர்த்துப் போடு. இல்லாவிட்டால் பேரே வேண்டாம். மூட்டையைக் குப்பையில் கொட்டாதே, உங்கள் தெருவில் மாடு சுற்றும். சின்னராசு கையில் கொடுத்துவிடு, அவன் தோண்டினது, அவனே கொண்டுவரட்டும். உனக்குச் சோதிக்க வேண்டும் என்றால் நாலு கிழங்கை மட்டும் எண்ணி எடுத்து, வீட்டில் வைக்காமல் ஆபீசில் பூட்டி வை. அந்த மெஷினில் போட்டுப் பார். அந்தத் தரையாகக் கிடந்த இடத்தில் என்ன எழும்புகிறது என்று நீயே பார். எனக்காகப் பொய் சொல்லாமல் நிற்கிற சாட்சி அது ஒன்றுதான். பிறகு பங்குனியில் வா. நான் தோண்டுகிறேன், நீ கூட நில். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஒவ்வொரு நாளும் கூடையிலிருந்து ஒரு கை எடுத்துப்போய்ச் சோதி. எத்தனை நாளில் கசப்பு போகிறது, எத்தனை நாளில் சத்து போகிறது என்று கண்டுபிடி. மூன்று நாள் வேண்டாம், இரண்டு நாளும் நாலு கொதியும் போதும் என்று உன் மெஷின் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லவில்லை சாமி. நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

நீ கோபப்படுவாய். பட்டுக்கொள். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். பிரியா கோப்பைக்காகப் பேசாமல் இருக்கிறாள், நீ இதற்காக இரு. ஆனால் கோபத்தில் கடிதத்தை மூலையில் எறிந்துவிட்டு, அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைத்துவிடாதே. என்னை எதில் வேண்டுமானாலும் நம்பாதே. இதில் நம்பு.

மூட்டை வந்ததும் நிவேதா அதன் மேல் ஏறி விளையாடினாளா, ஒரு கிழங்கைக் கடித்துப் பார்த்தாளா, எதையும் நான் போனில் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பி வரும்போது லாரியில் பாதி வழியில்தான் தோன்றியது. அதிலிருந்து என் கண்ணில் வேறு எதுவும் நிற்கவில்லை. சின்னராசு மூன்று நாள் கழித்து வந்து "நல்லா இருக்குதுங்க அத்தை" என்று சொல்வான். என்னைச் சமாதானப்படுத்த அவன் எதையும் சொல்வான், பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும். போனிலே நீ சொன்னாலும் எனக்குப் போதாது.

அதனால் இதைப் படித்து முடித்ததும் நிவேதாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடு. பீரோவில் இருக்கிற பழைய படத்தை அனுப்பி ஏமாற்றாதே. சின்னராசு உன் வீட்டுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. அவன் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், அது இந்த வாரத்துப் படம்தான் என்று எனக்குத் தெரியும். அவன் தலை சீவ வேண்டும், சட்டை மாற்ற வேண்டும் என்று நேரம் இழுப்பான், விடாதே. அழுதாலும் சரி, மூக்கு ஒழுகினாலும் சரி, அவள் முகம் தெரிய வேண்டும், கண் இரண்டும் நேராகப் பார்க்க வேண்டும். கழுவி வாங்கின அன்றைக்கே தபாலில் போட்டுவிடு கண்ணு.

உன் அம்மா